பிஸ்கற் தகரத்தில் இருந்த மொட்டைக் கடிதம்

சேர், உங்கள் அலுமாரியை இன்று நான்தான் ஒதுக்கினேன். அதிபர் திறப்பைத் தந்து, "நீங்கள்தானே ரீச்சர் விளையாட்டில அவரின்ர சோடி, நீங்களே பாருங்கோ" என்றார். மேல்தட்டில் நீங்கள் சீட்டுக் கடுதாசிக் கட்டுகள் வைக்கும் அந்தப் பிஸ்கற் தகரம். மூடியைத் திறந்ததும் கடுதாசிகள் ஒட்டாமலிருக்க நீங்கள் தூவும் பவுடர் வாசம். கட்டுகளுக்கு அடியில் மடித்த தாள் ஒன்று. விரித்தேன். நான் எழுதிய மொட்டைக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திங்கட்கிழமை உடலாகத்தான் வந்தீர்கள். அதையே இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அதற்குள் இது.

நீங்கள் புளியங்குளத்திலிருந்து மல்லாவிக்கு மாற்றலாகி வந்த புதிது. கணித வகுப்பு முடிந்ததும் மேசைக்கு நான்கு பிள்ளைகளாக இருத்தி பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் பழக்கத் தொடங்கினீர்கள். பள்ளிக்கூடத்தில் கடுதாசியா? கடுதாசியால் குடும்பத்தையே தொலைத்தவன் என் தம்பி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, நேரே கேட்கத்தான் துணிவில்லை. "இந்த ஆசிரியர் பிள்ளைகளுக்குச் சூது பழக்குகிறார்" என்று இடக்கையால் எழுதிக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினேன். உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். போய்வந்தீர்கள். விளக்கத்தை ஏற்றுக் கடிதத்தையும் உங்கள் கையிலேயே தந்துவிட்டார்கள் என்பது இன்றுதான் தெரிகிறது. அடுத்த கிழமை என் வகுப்பு வாசலில் நின்றீர்கள். "ரீச்சர், பிள்ளையளுக்கு ஆடிக்காட்ட எனக்கொரு சோடி வேணும். வாறீங்களோ?"

குற்ற உணர்வில்தான் வந்தேன். பிறகு எப்படியோ பிடித்துப்போனது.

எங்கள் பிள்ளைகள் வீடுகளில் முந்நூற்றி நாலு என்ற கடுதாசி விளையாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதில் ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரியது. அந்த நினைப்பில் எதிராளியின் ஏஸுக்கு மேலே ஜாக்கை ஓங்கி அடித்துவிட்டுப் பெருமையாகப் பார்ப்பார்கள். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். ஆனால் யாரும் சோடிக்குக் கண்காட்டினால் உங்கள் முகம் மாறிவிடும். "கண்ணால கதைக்கிறது களவு. முறையாச் சொல்லு, இல்லாட்டிப் பேசாமல் இரு." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வியர்க்கும்.

பிரிட்ஜில் ஒருவர் தன் பதின்மூன்று கடுதாசியையும் மேசையில் விரித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், சோடிதான் இருவரின் கடுதாசியையும் ஆடுவார். விரிக்கும் பங்கு பெரும்பாலும் எனக்கே வரும். "பயப்பிடாமல் விரியுங்கோ ரீச்சர், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்பீர்கள்.

கடிதத்தின் அடியில் சிவப்புப் பேனாவில் உங்கள் எழுத்து: "இடக்கையால் எழுதினாலும் ரீச்சரின் எழுத்துத் தெரிகிறது. பிள்ளைகளில் அக்கறை உள்ளவா. சோடிக்குக் கேட்க வேணும்."

மூன்று தரம் வாசித்தேன். ஆறு வருடம் எனக்கு எதிரே இருந்தீர்களே, சேர்! ஒரு சொல் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். இப்போது யாரிடம் கேட்பது? உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது.

பின்னேரம் பிள்ளைகள் வந்தார்கள். உங்கள் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. நான் கடிதத்தை மேசையில் விரித்தேன். "இதை எழுதினது நான்" என்றேன். பத்தாம் வகுப்புக் கயல்விழி முழுவதையும் வாசித்தாள். உங்கள் சிவப்பு எழுத்து வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் எழும்பி வந்து உங்கள் கதிரையில், எனக்கு எதிரே இருந்தாள்.

"எல்லாருக்கும் கடுதாசியைப் போடுங்கோ ரீச்சர்."

போட்டேன், சேர். ஆட்டம் முடிந்ததும் கட்டுகளைத் தகரத்திலேயே திரும்ப வைத்தேன். கடிதத்தை வைக்கவில்லை. அது என் கைப்பையில் இருக்கிறது.