மரண அறிவித்தலும் கம்பனி வரலாறும்

திங்கள், ஓகஸ்ட் 4

வெயில். சோளகக் காற்று, வீடு முழுக்கத் தூசி.

கொழும்பு டிவிக்காரரிடமிருந்து மின்னஞ்சல். எங்கள் கம்பனியின் தொலைக்காட்சிப் படங்கள் எல்லாவற்றையும் வாங்குகிறார்களாம், இங்கே ஒளிபரப்பவும் வெளிநாட்டுக்கு விற்கவும். கேட்டது இரண்டு. ஒரு பக்கத்தில் கம்பனியின் வரலாறு. முதல் படத்தில் சீலனும் பங்காளி என்பதால் அவனுடைய சம்மதம். அது இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

வரலாறு எழுத உட்கார்ந்தேன். கல்யாண வீடியோ எடுத்துத் திரிந்த நானும் சீலனும்... அதோடு நின்றது. "நானும் சீலனும்" என்பதா, "சீலனும் நானும்" என்பதா? அந்தச் சண்டையில்தானே அவன் கோபித்துக்கொண்டு நீர்வேலிக்குப் போய் வாழை வைத்தான். முதல் படத்தின் எழுத்தோட்டத்தில் என் பெயர் முன்னுக்கு. அவன் பெயர் பின்னுக்கு, மூலையில். அன்று அதைப் போட்ட உள்ளூர் டிவியின் லோகோ சரியாக அதன்மேல் குந்திவிட்டது. லோகோவுக்கு நான் என்ன செய்ய? அன்று நின்ற பேச்சு.

போய்க் கேட்கச் சொல்கிறாள் மல்லிகா. (மனைவி. கம்பனியின் உடுப்பு, ஒப்பனை, மத்தியானச் சோறு எல்லாம் அவள்தான்.) மாட்டேன்.

புதன், ஓகஸ்ட் 6

அடுத்த கிழமை வட்டுக்கோட்டையில் படப்பிடிப்பு. தேவை: பழைய சைக்கிள், ஆடு (சாதுவானது), மரண அறிவித்தல் நோட்டீஸ். வெளிநாட்டிலிருந்து வரும் மகன், தகப்பனின் நோட்டீஸை மதிலில் காணும் காட்சி. தகப்பனுக்கு வேறு வேலை இல்லை, நோட்டீஸில் இருந்தால் போதும். அதற்கும் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு மாஸ்டரைக் கேட்டேன். மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம், தரித்திரம் என்று கதவைச் சாத்தினார்.

என் போட்டோவையே நோட்டீஸுக்குக் கொடுத்தேன். பெயர் கந்தசாமி, பாத்திரத்தின் பெயர். அச்சகம் வைத்திருக்கும் மணியண்ணைக்கு வாட்ஸ்அப்பில் போய்விட்டது. மல்லிகாவுக்குக் கோபம். கறியில் உப்பில்லை, வேண்டுமென்றேதான்.

வெள்ளி, ஓகஸ்ட் 8

நான் செத்துவிட்டேன்.

விடிய முன் கனடாவிலிருந்து மல்லிகாவின் தங்கச்சியின் போன், ஃபேஸ்புக்கில் என் மரண அறிவித்தலைக் கண்டு. நான் எடுத்தேன். என் அண்ணை என்று நினைத்துவிட்டாள். "பெரியத்தானோ? உங்கடை குரல் அத்தான்ரை குரல் மாதிரியே கிடக்கு" என்று கூடுதலாக அழுதாள். நான் நான்தான் என்றேன். நம்பவில்லை.

மல்லிகா மணியண்ணைக்கு எடுத்தாள். என் போனிலிருந்து வீட்டுக்காரர் யாரோ அனுப்பியதாக நினைத்தாராம். "துக்கத்திலை பேரைப் பிழையா எழுதிப்போட்டியள் எண்டு நானே திருத்தினனான், தங்கச்சி. ஒட்டியும் விட்டாச்சு, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்." ஒட்டியது அவர் பாவம் பார்த்துச் செய்த உபகாரம்.

அதற்குள் பந்தல்காரர் சனம் இருக்கக் கதிரைகளோடு வந்துவிட்டார். ஏற்றி வந்ததை இறக்காமல் போகமாட்டாராம். எதிர்வீட்டு அக்கா தேத்தண்ணி கொண்டு வந்தார். என்னைக் கண்டு திகைத்து, பிறகு எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார்.

கிணற்றடியில் குளித்துவிட்டு வர, முற்றத்தில் சீலன். மலர்வளையத்தோடு. மல்லிகாவை வாய் திறக்கவே விடவில்லை. யன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அவன் இல்லாட்டி ஏது கொம்பனி? துவங்கினது அவன். நான் சும்மா லைற் பிடிச்சனான்."

குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஒரு லோகோவுக்காக இவனோடு இத்தனை வருடம் பேசாமல் இருந்தேனே, எருமை. துவாயோடு அப்படியே வெளியே போனேன்.

பார்த்தான். மூக்கைத் துடைத்தான்.

"சாகேல்லையோ?"

"இல்லை."

"அப்ப நான் சொன்னதும் இல்லை."

மலர்வளையத்தைத் திருப்பி மோட்டார் சைக்கிளில் கட்டத் தொடங்கினான். மல்லிகா வண்டித் திறப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போகலாம் என்றாள். சாப்பிட்டான். மூன்றுதரம் கணவாய்க் கறி வாங்கினான். சம்மதத்தைப் பற்றி அவளே கேட்டாள். யோசிப்பானாம். என் பக்கம் திரும்பாமலே போனான்.

சனி, ஓகஸ்ட் 9

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

சீலன் திரும்ப வந்தான். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்து அனுப்பியே விட்டானாம். கட்டிப்பிடிக்கப் போனேன். பொறு என்றான்.

டிவிக்காரர் நோட்டீஸை ஃபேஸ்புக்கில் கண்டு அவனுக்குப் போன் எடுத்திருக்கிறார்கள். என் நினைவாக நாளை இரவு எங்கள் முதல் படம், நாடே டிவிக்கு முன்னால் இருக்கும் நேரத்தில். மற்றப் படங்கள் கிழமைக்கு ஒன்று.

உண்மையைச் சொல்லவில்லையா என்றேன். "சொல்ல வெளிக்கிட்டனான். அதுக்குள்ளை நேரத்தைச் சொல்லிப்போட்டினம். திங்கள் சொல்லுவம். நாளைக்கு முடியுமட்டும் நீ வெளியிலை தலை காட்டாதை."

பத்திக்கொண்டு வந்தது. நான் உயிரோடு நடையாய் நடந்தபோது மத்தியானம் இரண்டு மணிக்குக்கூடப் படம் போட இடம் தராதவர்கள். இப்பவே போன் எடுத்துச் சொல்லப்போகிறேன் என்று எழும்பினேன். மல்லிகா சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் ஓடினாள்.

"எழுத்தோட்டம் புதுசாப் போடீனம்" என்றான் சீலன். "உன்ரை பேர்தான் முதல். நடுவிலை, பெரிசா."

போனை வைத்துவிட்டு, தெருப் படலையைப் பூட்டச் சொன்னேன்.