போஞ்சிப் பாத்தியில் தொங்கும் சீடி

இன்று காலை போஞ்சிக் கொடிக்குப் புதுக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தேன். காற்று ஒரு சுழற்று சுழற்றியது. கயிற்றில் தொங்கிய சீடி நேராக வந்து என் கன்னத்தில் அறைந்தது. வலிக்கவில்லை. ஆறு வருஷமாக எப்போது விழும் என்று காத்திருந்த அறை அது. பளபளப்பெல்லாம் உரிந்து, வெயிலும் மழையும் தின்றது போக, இப்போது அது வெறும் பிளாஸ்டிக் வட்டம். அந்தப் பக்கம் கையை வைத்தால் இந்தப் பக்கம் தெரிகிறது. குருவிகள் அதற்குப் பயப்படுவதை எப்போதோ விட்டுவிட்டன. நான்தான் இன்னும் அதை நிமிர்ந்து பார்க்கப் பயப்படுகிறேன்.

வருகிற தைப்பொங்கலோடு நீ போய் ஒரு வருஷம். போனவர்களுக்கு எழுதும்போது கண் கலங்க வேண்டும், அதுதான் முறை. எனக்கோ எரிச்சல்தான் வருகிறது. கொஞ்சம், இணையத்தில் படங்களுக்கு நட்சத்திரம் போடும் அந்த விமர்சகன் மேல். மிச்சமெல்லாம் என் மேல்.

நீ பெக்டரியில் தேயிலை சலிக்கும் அறையில் முப்பது வருஷம் நின்றவன். ஒரு பிடி தூளை வெள்ளைத் தாளில் பரப்பி, ஜன்னல் பக்கம் திருப்பி, எதில் நார் கலந்திருக்கிறது, எது சூட்டில் கருகியது என்று பார்த்த கண் உன்னுடையது. நான் அதே தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். தாளில் எழுதியிருப்பதை நம்புவது என் தொழில். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள்தான் நாம். ஆனாலும் ஓய்வுபெற்ற பிறகும் நீ என்னைக் ‘கிளாக்கரே’ என்றுதான் கூப்பிட்டாய். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மூக்கு உடைந்திருக்கும்.

மகள் கொழும்பிலிருந்து சொல்லி, நான் பெரிய டீவி வாங்கப் போனபோது உன்னையும் ஹட்டனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடை முழுக்க டீவிகளில் ஒரே பச்சைக்கிளி சிறகை விரித்துக்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். நீ விற்பனைக்காரரைப் பார்த்து, “கிளியப் போட்டா எந்த டீவியும் நல்ல டீவிதாங்க. பனியப் போடுங்க, பாப்போம்” என்றாய். அவருக்குப் புரியவில்லை. கடைக்கு வெளியே ரோட்டை மறைத்து நின்ற பனியை விரலால் காட்டினாய். “அதுதாங்க. அது உள்ளயும் அதே மாதிரி நிக்குதான்னு பாக்கணும்.” முனகிக்கொண்டே அவர் ஏதோ மலைப் படம் தேடிப் போட்டார். கடையிலேயே பெரிய டீவியில் பனி வரிவரியாகப் பிரிந்து தெரிந்தது. “பனிக்குப் படிக்கட்டு கட்டி வச்சிருக்கான்” என்று நீ சொன்னாய். அதற்குப் பக்கத்தில் மூலையில் தூசு பிடித்துக் கிடந்த சின்ன டீவியில் பனி பனியாகவே இருந்தது. நான் எதை வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். படிக்கட்டைத்தான். அதன் பெட்டியில் ஏதோ பரிசு வாங்கியதாக அச்சடித்திருந்தது.

அந்த நாட்களில்தான் எனக்கு அந்த இணையத்தளப் பைத்தியம் பிடித்தது. ப்ளூரே தட்டுகளில் படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிற தளம். தொழில்முறை விமர்சகர் என்று தன் பெயருக்குக் கீழே தானே போட்டுக்கொண்ட ஒரு மனிதர். ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்த அறையில், சுவர் அகலத் திரைக்கு முன்னால் கைகட்டி நிற்கும் போட்டோ வேறு. கறுப்பு எத்தனை கறுப்பு, வெள்ளை எத்தனை வெள்ளை என்று பக்கம் பக்கமாக எழுதுவார். படத்தில் வருகிறவர்கள் சிரித்தார்களா, செத்தார்களா என்று ஒரு வரி இருக்காது. அத்தனையும் இங்கிலீஷில். எனக்கு அது போதாதா? அவர் ஐந்து நட்சத்திரம் போட்டால் அது கோயில் குறி சொன்ன மாதிரி எனக்கு. உன்னிடம் வாசித்து, மொழிபெயர்த்து, அதற்கு மேல் என் சொந்த அபிப்பிராயம் மாதிரியும் இரண்டு வரி சேர்த்து அளப்பேன். நீ பீடியை அணைத்துவிட்டு, “அந்தாளு வெளிய வந்து எத்தன நாளாச்சு கிளாக்கரே?” என்பாய்.

பாக்கியத்தைப் பற்றி இங்கே எழுதத்தான் வேண்டும். உன் மனைவி. கல்யாணமாகி இரண்டாவது வருஷம் சென்னையிலிருந்து ஒரு படக்கூட்டம் நம் தோட்டத்துக்கு வந்து, ஏழாம் நம்பர் மலையில் ஒரு பாட்டு எடுத்தது. கதாநாயகிக்குப் பின்னால் நிஜமாகக் கொழுந்து எடுக்கிறவர்களை நிறுத்தினார்கள். இரண்டாவது நிரையில் பாக்கியம். பக்கத்தில் இருந்தவள் வழுக்கி விழப் போக, பாக்கியம் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிச் சிரிக்கிறாள். அவ்வளவுதான், ஒரு மூச்சு விடும் நேரம். அடுத்த வருஷம் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. கல்யாணப் போட்டோ தொழிலாளர் லயத்துக் கூரை ஒழுக்கில் ஊறிப் போனது. அடையாள அட்டைப் படத்தில் அவள் போலீசுக்குப் பயந்தவள் மாதிரி நிற்பாள். சிரிக்கிற பாக்கியம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தாள். நீ பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதையில் வாங்கிய ஒரு சீடியில்.

எத்தனை தரம் அதைப் போட்டுக் காட்டினாய்! மங்கல்தான், கோடு கோடாகத்தான் ஓடும். ஆனால் தலையில் மாட்டும் கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி அவள் நெற்றிக்கு மேலே விழுந்திருந்த தடம் அதில் தெரியும். நீ திரைக்குக் கிட்டே போய் அந்த இடத்தை விரலால் காட்டுவாய், தொடமாட்டாய்.

பிறகு அந்தப் படம் புதுப்பித்து ப்ளூரேயில் வந்தது. என் விமர்சகர் ஐந்துக்கு ஐந்து போட்டார். ‘ஒரு கீறல் மிச்சமில்லை. முகங்கள் பளிங்கு போல் இருக்கின்றன. பழைய பிரதிகளை இனி வீசிவிடலாம்.’ கடைசி வரியை நான் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். தட்டு மகளிடமிருந்து வந்து சேர்ந்த அன்றே லயத்துக்கு வந்து, உன் கையிலிருந்து பழைய சீடியைக் கேட்டு வாங்கினேன்.

“இருந்துட்டுப் போகட்டுமேய்யா” என்றாய்.

“குப்பையச் சேத்து வச்சு என்னா செய்யப் போற? ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. பாக்கியத்தப் புதுசாப் பாக்கலாம்” என்றேன்.

நீ கொடுத்தாய். என்னை நம்பித்தான் கொடுத்தாய், அந்த விமர்சகனை அல்ல. அந்த வாரம் போஞ்சி விதையைக் குருவி கொத்திக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். தலையை எண்ணெய் தடவி வாரியிருந்தாய். பாட்டு வந்தது. இலை ஒவ்வொன்றும் கழுவி வைத்த மாதிரி. “பாத்தியா, கோடெல்லாம் போச்சு” என்று நான் துள்ளினேன். பாக்கியம் வந்தாள், துடைத்தாள், சிரித்தாள், போனாள்.

நீ திரும்பப் போடச் சொன்னாய். மூன்றாவது தரம் பார்த்துவிட்டுச் சொன்னாய்: “அது கோடு இல்லய்யா. மழ.”

“என்னா மழ?”

“அன்னைக்குத் தூறிக்கிட்டிருந்துச்சு. நான் பெக்டரி மேட்டுல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். குடைய விரிக்கிறாங்க, சுருக்குறாங்க. பாட்டு பூரா மழ. அதப் போய் கீறல்னு தொடைச்சுட்டானுங்க.” திரையை விரலால் காட்டி, “நெத்தியிலயும் தொடைச்சிருக்கானுங்க. கயித்துத் தடத்தக் காணோம். இது யாரோ பொம்மை” என்றாய்.

அப்போது நான் சொன்னது இருக்கிறதே, அதை எழுதக் கை கூசுகிறது. உனக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கும் என்றேன். அத்தனை பெரிய விமர்சகர் பார்க்காததையா நீ பார்த்துவிட்டாய் என்றேன். முப்பது வருஷம் தூளில் நார் பொறுக்கிய கண்ணைப் பார்த்து, இருட்டறையில் இருக்கிற எவனோ ஒருவனுக்காக அப்படிச் சொன்னேன்.

நீ கோபப்படவில்லை. “சரி, பழசக் குடு. ரெண்டையும் போட்டுப் பாத்துருவோம்” என்றாய், சலிக்கும் அறையில் இரண்டு தூளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற மாதிரி. நியாயமான பேச்சு. என் கண் குசினி ஜன்னல் பக்கம் போனதை நீயே பார்த்துவிட்டாய். வெளியே போஞ்சிக் கம்புகளுக்கு நடுவில் அது மின்னிக்கொண்டிருந்தது.

நீ போய் அவிழ்த்தாய். ஒரு வாரம் கம்பில் உரசி உரசி, பளபளப்புப் பக்கம் பூனை பிறாண்டின மாதிரி இருந்தது. அந்தச் சலவைச் சட்டை நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் துடைத்தாய். போட்டோம். சீடிப் பெட்டி சுற்றியது, முனகியது, துப்பியது. திரும்பத் துடைத்தாய், திரும்பத் துப்பியது. மூன்றாவது தரம் நீ போடவில்லை. வெளியே போய், பழைய முடிச்சிலேயே அதைக் கட்டிவிட்டு வந்து, “குருவிக்காவது ஒதவட்டும்” என்றாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் நீ. நான்கு பேர் முன்னால் திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் தேடாத இடமில்லை. ஹட்டன், நோட்டன் பிரிட்ஜ், கொத்மலைப் பக்கத்துப் பழைய கடைகள். சீடி விற்றவர்கள் போன் கவர் விற்கிறார்கள். இணையத்தில் இருக்கிற பிரதியெல்லாம் இந்தப் பளிங்குப் பிரதியிலிருந்து எடுத்தவை. அந்த விமர்சகருக்கும் எழுதினேன். ‘அது கீறல் அல்ல, மழை. அன்று அங்கே நின்ற ஒருவர் சொல்கிறார்.’ இரண்டு நாளில் பதில் வந்தது. என் டீவியின் வெளிச்ச அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுமாம். கூடவே நல்ல டீவிகளின் பட்டியல் ஒன்று. உன்னிடம் வாசித்துக் காட்டியபோது நான் கத்தினேன். நீ சிரித்தாய். “விடுய்யா. பாவம், நனைஞ்சதே இல்ல போல” என்றாய். உனக்கு அந்தப் பெருந்தன்மை இருந்தது. எனக்கு இல்லை, வரவும் வேண்டாம். மழையைக் குப்பை என்று கூட்டித் தள்ளியவனுக்கும், அதற்கு நட்சத்திரம் குத்தியவனுக்கும், அதை நம்பிக் கூட்டாளியின் மனைவியைக் குருவிக்குக் கட்டித் தொங்கவிட்டவனுக்கும் என்ன பெருந்தன்மை வேண்டிக்கிடக்கிறது?

போன வாரம் மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகன் அலமாரியைக் குடைந்து அந்த ப்ளூரேயை எடுத்தார். போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, இதுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க!” என்றார். பாட்டு வந்தது. நிரை வந்தது. பாக்கியம் வந்து, தெளிந்த வெளிச்சத்தில் ஒரு சொட்டும் இல்லாத முகத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

“அந்தம்மா ஏன் மாமா சும்மா மூஞ்சியத் தொடைக்கிறாங்க? நடிக்கத் தெரியலயோ?”

“மழ பெய்யுது” என்றேன்.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். “எங்க மாமா? ஒரு துளி இல்லயே. நீங்க அப்ப அங்க இருந்தீங்களா?”

“இல்ல” என்றேன். “இருந்தவன் சொன்னான்.”