கலாவின் மாத்திரையும் என் சக்கரையும்

1998 ஜூன் 8, திங்கள்

அனல். காலை பத்துக்கே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது. திருநின்றவூர் மனை பார்க்க வருவதாகச் சொன்ன பார்ட்டி வரவில்லை. வந்திருந்தால் முடித்திருப்பேன். ஏரிக்காற்று என்று நான் சொன்னால் இந்த வெயிலிலும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள்.

அக்கா மகள் கலாவைப் பூந்தமல்லி லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அக்கா உயிரோடு இல்லை. மாப்பிள்ளை சேகருக்குத் திருமழிசையில் பகல் ஷிப்ட். ஆகவே நான்.

டாக்டரம்மாவின் அப்பாவுக்கு மனை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்றேன் டோக்கன் தரும் பெண்ணிடம். (காட்டினேன். அவர் வாங்கவில்லை.) "உக்காருங்க சார்."

ஸ்கேன். சினைப்பை இரண்டிலும் நீர்க்கட்டி, பொடிப் பொடியாக. அதனால்தான் கலாவுக்குத் தூரம் மாதாமாதம் வருவதில்லை, குழந்தையும் நிற்கவில்லை. டாக்டரம்மா: "ஆபரேஷன் வேணாம். இந்த மாத்திரை தினமும், சாப்பாட்டுக்கு அப்புறம். சுகருக்குத் தர்றதுதான், ஆனா இவங்களுக்கு சுகர் இல்ல. தூரம் தானா வரட்டும். வந்த ரெண்டாம் நாள்லேர்ந்து இந்த இன்னொண்ணு, அஞ்சு நாள்."

ஆவடியில் ஒருத்திக்குப் பூசணி அளவு கட்டி எடுத்த கதையைத் தொடங்கினேன். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். இருந்தேன். உள்ளே வெகுநேரம் பேச்சு.

திரும்பும்போது கலாவுக்குக் கரும்பு ஜூஸ் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டில்தான் வாயைத் திறந்தாள். "தீவாளி வரைக்கும் பாக்கலாம், அப்பறம் சேகருக்கு வேற பொண்ணுன்னு அத்தே சொல்லிகீறாங்க மாமா."

என்னிடமா? பார்த்துவிடலாம்.

ஜூன் 10, புதன்

பூத்திலிருந்து கலா போன். மாமியார் சரோஜா மாத்திரை அட்டையை மெடிக்கலில் காட்டிவிட்டாளாம். மொபெட்டில் பாரிவாக்கம் பறந்தேன்.

"சக்கரை வியாதிக்காரிய மறைச்சுக் கட்டி வெச்சிட்டீங்களேண்ணே."

"அது என் மாத்திரைம்மா. எனக்குத்தான் சக்கரை. முன்னூறு கீது. டாக்டராண்ட என் பையும் கலா பையும் மாறிப்போச்சு."

எங்கிருந்து வந்தது தெரியவில்லை, மளமளவென்று வந்தது. ஆறாத புண் என்று கட்டைவிரலைக்கூடக் காட்டினேன். கொசுக்கடி.

"அய்யோ அண்ணே, ஒடம்ப பாத்துக்க வாணாமா?" அட்டையை என் கையில் வைத்தாள். டீயில் சக்கரை போடவில்லை.

வாசல்வரை வந்த கலா: "நல்லா சமாளிச்சீங்க. இப்ப நா இன்னாத்த முழுங்கறது?"

அதை யோசிக்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

புழுக்கம். மேகம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. தினம் பாரிவாக்கம் போய் வருகிறேன். சாக்கு, அங்கே ஒரு மனை பேசி முடிப்பது. கலா தெருக்குழாயடியில் என்னிடம் மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்கிறாள். சரோஜா எனக்கென்று பாகற்காய்ச் சாறு எடுத்து வைத்திருக்கிறாள். ஒரே மூச்சில் குடிக்கிறேன். என்னைப் போல் குடிப்பவனை அவள் பார்த்ததில்லையாம்.

என் வீட்டுக்காரி: "இல்லாத நோவுக்கு இன்னா பத்தியம்."

தூக்கம் பிடிக்கவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

வாங்க வேண்டியது: பெட்ரோல், ஷேவிங் பிளேடு, வளையல்.

கலாவுக்குக் காலையிலிருந்து வாந்தி. சரோஜா வாசலில் நின்று எனக்குக் கை காட்டுகிறாள், முகமெல்லாம் பல். "அண்ணே, நல்ல சேதி போல கீது." எனக்குக் காது அடைத்துவிட்டது. டீக்கடையில் சொன்னேன். இரட்டை என்று சொன்னேன். வளைகாப்புக்குத் தாய்மாமன் சீர் ஊர் கண்டிராத மாதிரி என்று வளையல்காரரிடமும் சொல்லியாயிற்று.

கலா மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே சமையலறைக்கு.

ஜூன் 29, திங்கள்

மாலை மறுபடி போனேன். தெருவில் நாலு பெண்கள் சரோஜாவை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனதும் கலா கதவைச் சாத்தினாள். என் சட்டைப் பையில் கைவிட்டு அட்டையை எடுத்தாள்.

"அத்தே, இது என்து. மாமாக்கு சக்கரையும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்கும் இல்ல. நீர்க்கட்டி, அதுக்குத் தந்துகீறாங்க. வயித்தப் பொரட்டும்னு டாக்டரு மொதல்லயே சொன்னாங்க. இவரு அப்ப வெளிய குந்தினு இருந்தாரு. நா முழுகாம இல்ல அத்தே."

எல்லார் முன்னாலும் ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

சரோஜா: "தெரு பூரா சொல்லிட்டனேடி."

சேகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்தபடி: "என்னையும் டெஸ்ட்டுக்கு வரச் சொன்னாங்க. நாந்தான் போவல. நாளைக்குப் போறேன்."

பிறகு சரோஜா என்னிடம்: "எங்கிட்ட சொன்னா நா இன்னா கடிச்சா துன்னுடுவேன்?"

கிளம்பிவிட்டேன். வளையல்காரர் கடை வழியாக வராமல் சுற்றி வந்தேன்.

ஆகஸ்ட் 5, புதன்

மழை, நன்றாக. மொபெட் ஸ்டார்ட் ஆகவில்லை.

என் வீட்டுக்காரி: "கலா தூரமாம்."

போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாயா போச்சு? மார்ச்சுக்கு அப்பறம் இப்பதான், தானா வந்துகீது. மாத்திரை வேலை செஞ்சிகீது. நாளைலேர்ந்து அந்த இன்னொண்ணு போடணும்."

எனக்கு முன்பே தெரியும் என்றேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

பாரிவாக்கம். சேகர் வேலைக்குப் போயிருந்தான். அவன் ரிப்போர்ட்டில் குறையில்லையாம். அந்த வீட்டில் தூரமான பெண் மூன்று நாள் பின்பக்கம் தனிப் பாயில்தான், எதையும் தொடக்கூடாது. மாத்திரையோ சாமி படம் இருக்கும் அலமாரியில். எப்படி எடுப்பாள் என்று நான் கவலையோடு பின்பக்கம் போனேன்.

சரோஜா அட்டையோடு நின்றிருந்தாள். ஒன்றைப் பிதுக்கி, மேலிருந்து, கை படாமல் கலாவின் உள்ளங்கையில் போட்டாள். சொம்பைத் தூக்கி அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

"முழுங்கு. கசக்குதா?"

"இல்ல அத்தே."

"நாளைக்கும் நானே தரேன். தீவாளி கீவாளின்னு மனசுல வெச்சுக்காத."

கலா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. சரோஜா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாண்ணே பாத்துகினு நிக்கிறீங்க, அந்தாண்ட போங்க."