மணிலா விழுந்த மார்கழி

குறிஞ்சிப்பாடி
சர்வசித்து வருஷம், ஆனி மாதம்

பினாங்கிலிருக்கும் மகன் தங்கராசுக்கு அப்பன் ஆசீர்வாதம். நானும் உன் அம்மாவும் தங்கை அமிர்தமும் தில்லை நடராசன் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் உடம்பு தேவலை என்று தபால் வந்தால்தான் இங்கே சோறு இறங்குகிறது. நான் சொல்லச் சொல்ல அமிர்தம் எழுதுகிறாள். முதுநகர் மண்டிக்காரரின் ஆள் மூன்று தடவை வந்துவிட்டான். கப்பல் மறுபடி ஓடுகிறதாம், ஏழு காணியிலும் மூன்று வருஷத்துக்கு மணிலாக்கொட்டை மட்டுமே போடுவேன் என்று பத்திரத்தில் ரேகை வைத்தால் கையோடு அச்சாரம் தருவானாம். நீயும் வைத்துவிடு என்று எழுதியிருக்கிறாய். நான் வைக்கமாட்டேனப்பா, ஏன் என்று கேட்டுக்கொள்.

நீ இருக்கிற ஊரில் ஜப்பான்காரன் குண்டு போட்டு உன் தபால் நின்றுபோன வருஷம், மார்கழி மாதம். ஆருத்திரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போன சனம்கூட இன்னும் ஊர் திரும்பவில்லை. காப்பிக் கடையில் ஒருவர் பேப்பரைப் பிரித்து, மணிலா விழுந்தது என்று உரக்கப் படித்தார். நமக்கு மணிலா என்றால் மல்லாட்டை, வேர்க்கடலைதானே, அதன் விலைதான் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். நான், உன் மாமன் சடையப்பன், கண்ணாயிரம், அம்பலம், நாலு பேரும் வீட்டிலிருந்த மூட்டையெல்லாம் அவரவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு மறுநாள் மண்டி வாசலில் நின்றோம். மண்டிக்காரர் முந்தின வாரம் சொன்ன விலையில் பாதி சொன்னார், கும்பிட்டு வாங்கிக்கொண்டோம். மூட்டையெல்லாம் உள்ளே போன பிறகுதான் கணக்குப்பிள்ளை சிரிக்கிறான், “யோவ் பெருசு, மணிலாங்கறது ஒரு ஊருய்யா, அத்த ஜப்பான்காரன் புடிச்சிட்டான், ஒங்க மல்லாட்டைய யாரு புடிச்சாங்க” என்று. “எவன் ஊரோ விழுந்ததுக்கு நம்ப ஏன் மச்சான் மூட்டைய தூக்கினு ஓடியாந்தோம்” என்று கண்ணாயிரம் தலையில் அடித்துக்கொண்டான். வழியெல்லாம் எங்களைப் பார்த்து நாங்களே சிரித்துக்கொண்டு வந்தோம்.

அந்தச் சிரிப்பு மாசி வரைக்கும்தான். ரங்கூனும் விழுந்தது, பர்மா அரிசி நின்றது, கொட்டை ஏற்றக் கப்பலும் இல்லை. ஏழு காணி இருந்தும் வீட்டில் ஒரு பிடி கம்பு கிடையாது, எல்லாவற்றையும் மல்லாட்டைக்கு விட்டிருந்தோமே. உன் அம்மா அடுத்த போகத்தில் வந்த மல்லாட்டையையே அவித்து அவித்துப் போட்டாள், வயிறு தாங்கவில்லை. உன் மாமன் ரேஷன் கடை வரிசையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதையெல்லாம் அப்போது உனக்கு எழுத வழியில்லாமல் போயிற்று.

மல்லாட்டை மேல் எனக்குக் கோபமில்லை. நீ கப்பல் ஏறியது அதை விற்ற காசில்தான், மறக்கவில்லை. மூன்று காணி அதற்கு விடுகிறேன். நாலு காணி கம்பும் கேழ்வரகும். விதை வாங்கியாயிற்று, ஆடியில் ஏர் பூட்டுகிறேன். மண்டி ஆள் நேற்று வந்து, “கம்புக்கு எவன் பெருசு கப்பல் அனுப்புவான்” என்று கேலி செய்தான். “அதுக்கு எதுக்குய்யா கப்பலு, எம் பொண்டாட்டி பானை வச்சிருக்கா” என்றேன். பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு போனான், மறுபடியும் வருவான், வரட்டும். நீயும் அங்கே ரப்பர் விலையை நம்பிக் கடன் வாங்காதே, கூலியில் கொஞ்சம் அரிசியாக வாங்கி வை. மழையில் நனைந்த துணியோடு படுக்காதே. அம்மா உன் போட்டோ ஒன்று கேட்டாள், மறக்காமல் அனுப்பு.

என்னைப் பிடிவாதக்காரன் என்று நீ நினைக்கலாம். அன்று கூட இருந்தவர்களில் இதை உனக்குச் சொல்ல வேறு ஆளில்லை. மாமனுக்குப் பின்னால் அம்பலம் காலராவில் போனான். கண்ணாயிரம் போன புரட்டாசியில் போய்விட்டான். நீ நூறு வயது இருந்து பிள்ளை குட்டிகளோடு வயிறார உண்டு வாழவேண்டும்.

இப்படிக்கு, அந்த நாலு வண்டிக்காரர்களில் மிச்சமிருக்கும் உன் அப்பன்
காத்தவராயன், இடது பெருவிரல் ரேகை