செருப்பில்லாத எட்டு நாள்

செவ்வாய், இரவு.

இன்று காலை இவர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டார். கொடைத் திருவிழா முடியும்வரை எட்டு நாள் செருப்புப் போட மாட்டார். சர்க்கரையால் இவருக்கு உள்ளங்காலில் உணர்ச்சி கிடையாது. போன வருஷம் முள் குத்தியதே தெரியாமல் புரையோடி, ஒரு விரலை எடுத்தார்கள். வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று கோவில்பட்டி டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பூசாரியிடம் கேட்டேன். "அண்ணாச்சி செருப்புப் போட்டுக்கிடட்டும்மா, ஆத்தா கோவிக்க மாட்டா" என்றார். இவர்தான் கோபித்துக்கொண்டார்.

"ஏட்டி, கால் பொழச்சா காப்புக் கட்டுவாருன்னு ஆஸ்பத்திரியில வச்சு நேந்தது யாரு?"

"நாந்தான். அதுக்காவ பொழச்ச காலைக் குடுக்கணுமா?"

"டாக்டரு சொன்னதும் எனக்குத் தெரியும். கால் என்னுது, நான் பாத்து நடந்துக்கிடுதேன். நீ வேணும்னா சாயந்தரம் பாத்துக்கோ."

சாயங்காலம் சொன்னபடி காலை நீட்டினார். கழுவித் துடைத்து, டார்ச் அடித்து விரலிடுக்கு வரை பார்த்தேன். காயம் இல்லை. "என்னட்டி, மாட்டுத் தரகன் குளம்பு பாக்க மாதிரி பாக்குதே?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஏழு நாள் இருக்கிறது. நேர்ச்சையை மாற்றித் தா என்று ஆத்தாளிடம் கேட்கவும் வாய் கூசுகிறது.

கோயில் பாதையில் கருவேல முள் கிடக்கிறது. விடியுமுன் போய்ப் பெருக்க வேண்டும். யாராவது கேட்டால் ஆத்தாளுக்காகப் பெருக்குகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பொய்யில்லை. குனிந்து பெருக்கினால் இடுப்பு விட்டுப்போகும்தான். துடைப்பத்தை வாசலிலேயே சாத்தி வைத்துவிட்டேன்.