ஜன்னல் இல்லாத ரூமுக்கு ரெண்டு செடி

பாப்பா அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் புக்கிட் பெருந்துங்ல நல்லாத்தான் இருக்கோம். கடைக்கு மேல ஒரு ரூம். ஜன்னல் இல்ல, கதவைத் திறந்தாதான் காத்து. "ஒரு வாரம் தாங்க மாட்டே"ன்னு சொன்னீங்க. ஆறு மாசம் ஆச்சு.

முதல்ல வாங்கின ரோஜா பத்து நாள்ல செத்துப்போச்சு. நர்சரிக்காரம்மாகிட்ட சண்டைக்கே போயிட்டேன். "வெயில் கேக்குற செடிய அங்க வெச்சா அது என்னம்மா செய்யும்?"னு சிரிச்சுட்டு ஸ்னேக் பிளாண்ட் கொடுத்தாங்க. டியூப் லைட் வெளிச்சமே போதும், ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை தண்ணி. யாரும் கத்தாத ரூம்ல நல்லாவே நிமிர்ந்து நிக்குது.

இன்னொன்னு மணி பிளாண்ட். புறப்பட்ட அன்னைக்கு நம்ம கலும்பாங் வீட்டு வாசல்ல நான் வளர்த்த கொடியில ஒரு முழம் வெட்டி, பையில போட்டுக்கிட்டேன். அடுத்தவங்க வீட்டுல கேக்காம எடுத்தாதான் அது வளரும்னு சொல்வாங்க. சொந்த வீட்டுல எடுத்தது எங்க வளரப்போகுதுன்னுதான் நெனச்சேன்.

இப்ப அது கதவு வரைக்கும் படர்ந்துடுச்சு. இருபது வருஷம் நான் கூட்டிப் பெருக்கின வீடு யார் வீடுன்னு அந்தக் கொடிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் இவ்வளவு நாளாச்சு.

கூப்பிட வராதீங்க.

இப்படிக்கு,
கொடியைத் திருடினவ