அப்பாவை ஐயா என்று அழைத்த நாள்

அப்பா,

இன்று காலை ஆண்கள் வார்டில் சோப்பு கரைத்த வெந்நீரின் வாசம் எழுந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பெண், வெந்நீர்ப் பாத்திரத்துடன் ஒரு பெரியவரின் கட்டிலருகே தயங்கி நின்றாள். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்திருந்தார். யாருக்கு வெட்கம் அதிகம் என்று சொல்ல முடியவில்லை.

நர்சிங் கல்லூரியில் நாங்கள் முதலில் குளிப்பாட்டியது ஒரு பொம்மையை. துடைக்கும் இடத்தை மட்டும் திறக்க வேண்டும், மற்றதை மூடியே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு முன்பின் தெரியாத நோயாளிகள். அதுவும் பழகிப்போனது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே நீங்கள் நோயாளியாக வந்தீர்கள்.

எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சேலத்தில் ஆபரேஷன் முடிந்ததும், நம் ஊர் செம்மநத்தத்திலிருந்து வந்துபோக வசதி என்று, ஏற்காட்டில் நான் இருந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். "எம் பொண்ணு வேல பாக்கற எடம்" என்று மலை ஏறும் வழியெல்லாம் டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தீர்களாம்.

மறுநாள் படுக்கையிலேயே உங்களுக்கு மலம் போய்விட்டது. ஆண் உதவியாளர் விடுப்பில் இருந்தார். அம்மா மாற்றுத் துணி எடுக்க ஊருக்குப் போயிருந்தார். நான் திரையை இழுத்து மூடினேன்.

"வேண்டாங் கண்ணு. வேற ஆரையாச்சும் வரச்சொல்லு."

"ஆளில்லீங்கப்பா. அப்படியே உட்டா தையல் போட்ட எடம் சீழ் புடிச்சுக்குமுங்க."

நீங்கள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் சோப்பு கரைத்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தேன். பிறகு என்னைப் பார்க்காமலே, "சிஸ்டருங்க... மெதுவா திருப்புங்க" என்றீர்கள்.

"சரிங்க ஐயா" என்றேன். சிஸ்டர், ஐயா என்ற அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால்தான் நாம் இருவரும் ஒளிந்துகொண்டோம்.

திரையை விலக்கியதும் பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார்: "ஏனுங்க, அந்தப் புள்ள உங்க சொந்தமுங்களா? சாடை தெரியுதே."

"இல்லீங்க. சிஸ்டரு."

எனக்கு நிம்மதியாக இருந்தது அப்பா. பெற்றவர் என்னை மகள் இல்லை என்று சொன்னதில் ஒரு நிம்மதி! அதை நினைத்து, துணி அலசும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நீங்கள் தடி ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகும், நான் ஊருக்கு வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிக் காப்பித் தோட்டத்துப் பக்கம் போய்விடுவீர்கள். ஒருநாள் நீங்களாகவே கேட்டீர்கள்.

"அன்னிக்கு எனக்கு நொம்பக் கூச்சமாப் போச்சு கண்ணு. உனக்கும் அப்படித்தானா?"

"இல்லீங்கப்பா. எங்களுக்கு அது வேலைதானுங்க."

உங்கள் முகம் தெளிந்தது. அதன்பிறகு பழையபடி என் முகம் பார்த்துப் பேசினீர்கள். இறக்கும்வரை அதை நம்பியே இருந்தீர்கள்.

எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது அப்பா. உடம்பெல்லாம் கூசியது. எத்தனையோ பேரைக் குளிப்பாட்டிவிட்டேன். அந்தக் கூச்சம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. போர்வையில் கைவைக்கும் முன், "ஐயா, தொடலாமுங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். அவர்கள் சரி என்று சொல்லும்வரை, அன்று நீங்கள் பார்த்ததுபோல நானும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.